பாட்டு யார் வீட்டுச் சொத்து?

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "அண்ணா, நீங்க ஏதாச்சும் எழுதிக் குடுங்க. ஹாஸ்டல் மெஸ்ஸைப் பத்தி மட்டும் வேண்டாமுங்க, அதை ஏற்கெனவே பதினொரு பேர் எழுதிட்டாங்க" என்றார் பொறுப்பில் இருக்கும் தம்பி. சரி, மெஸ்ஸை விட்டு விடுகிறேன். மெஸ்ஸுக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் அறையைப் பற்றியாவது சொல்ல அனுமதி உண்டல்லவா?

எண்பதுகளின் கடைசி. அறையில் நாங்கள் மூன்று பேர், டேப் ரிக்கார்டர் இரண்டு. பெங்களூரில் வளர்ந்து வந்த ஒருத்தன், அவனிடம் ரோலிங் ஸ்டோன்ஸ், சக் பெர்ரி என்று ஒரு பெட்டி நிறையக் கேசட். காங்கயம் பக்கத்துக்காரன் ஒருத்தன், அவனிடம் இருந்தது ஒரே கேசட். ஊர்க் கோயிலில் விடிய விடிய நடந்த அண்ணன்மார் கதையை அவனே உட்கார்ந்து டேப் பண்ணிக்கொண்டு வந்தது. உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே யாரோ இருமுவதும், ஒரு குழந்தை அழுவதும்கூட அதில் கேட்கும். சாயங்காலம் ஆனால் சண்டைதான். "என்றா இது, நாய் ஊளையிடற மாதிரி" என்பான் இவன். "உன்றது மட்டும் என்ன வாழுதாம்?" என்பான் அவன். நடுவில் நான் தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தோடு.

அந்த இரண்டு டேப்புக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று. வேலையிலிருந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்த பிறகு, பழைய கிராமபோன் தட்டுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு மனசில் தைத்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். இசை இலக்கணம் எனக்குத் தெரியாது. நான் சொல்லப்போவது கடைக்காரர்களின் கதை.

பெங்களூர்க்காரன் கேட்ட ராக் இசைக்குத் தாய் ப்ளூஸ். அமெரிக்காவின் தென்பகுதியில், மிஸிஸிப்பி மாதிரியான இடங்களில், பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பின மக்களின் பாட்டு. நம் ஊரிலும் பருத்திதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்பதால் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பெரிய ரிக்கார்டு கம்பெனிகள் அந்தப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. 1920-இல் ஓகே என்ற ஒரு சின்னக் கம்பெனி மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணியைப் பாட வைத்து ஒரு தட்டு போட்டது. தட்டு பறந்து போயிற்று. வாங்கியவர்களும் பெரும்பாலும் கறுப்பின மக்களே. இவர்களும் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது அன்றைக்குத்தான் பெரிய கம்பெனிகளுக்குத் தெரிந்தது!

ஓகே கம்பெனியை ஆரம்பித்தவர் ஓட்டோ ஹைன்மன் என்ற ஜெர்மன்காரர். அதற்கு முன் அவர் பெர்லினின் லிண்ட்ஸ்ட்ரோம் கம்பெனிக்கு அமெரிக்காவில் ஆளாக இருந்தவர். லிண்ட்ஸ்ட்ரோமின் முக்கியமான முத்திரை ஓடியன். இந்த ஓடியன் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காரைக்குடிக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலக யுத்தம். அந்தக் காலத்துத் தட்டு செய்யப்பட்டது அரக்கில். அரக்கு போனது எங்கிருந்து என்கிறீர்கள்? இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளையிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு. யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து தடைப்பட, 1942-இல் அமெரிக்க அரசாங்கம் அரக்குக்கு ரேஷன் வைத்தது. அதே வருஷம் வாத்தியக்காரர் சங்கம் தட்டுகளுக்கு வாசிக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகள் இருந்த கொஞ்ச அரக்கைத் தங்கள் பெரிய பாடகர்களுக்கு வைத்துக்கொண்டு, ப்ளூஸை ஓரங்கட்டின. யுத்தம் முடிந்ததும் அந்தக் காலி இடத்தில் புகுந்தவர்கள் சின்ன ஆட்கள்: சாராயக் கடைக்காரர், ரேடியோ மெக்கானிக், பழைய தட்டு வியாபாரி.

சிகாகோவில் செஸ் சகோதரர்கள் இருந்தார்கள். லியனார்ட், பில் இருவரும் போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதியில் மதுக்கடையும் பாட்டு விடுதியும் நடத்தினார்கள். ராத்திரி கடையில் எந்தப் பாட்டுக்கு ஆட்கள் எழுந்து ஆடுகிறார்கள் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 1947-இல் அரிஸ்டோகிராட் என்ற சின்னக் கம்பெனியில் பங்கு சேர்ந்து, 1950-இல் அதற்குத் தங்கள் பெயரையே வைத்தார்கள். மிஸிஸிப்பி பருத்திப் பண்ணையிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்த மட்டி வாட்டர்ஸ் அவர்களுக்குப் பாடினார். லியனார்ட் செஸ் கார் டிக்கியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராக, ரேடியோ நிலையம் நிலையமாகப் போனார். மட்டி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுத் தட்டு ஒன்றின் பெயரைத்தான் லண்டனில் சில பையன்கள் 1962-இல் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். அதுதான் ரோலிங் ஸ்டோன்ஸ்.

மெம்பிஸில் சாம் பிலிப்ஸ், சன் ரிக்கார்ட்ஸ். 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி என்ற லாரி டிரைவர் பையனின் முதல் தட்டு அங்கேதான் வந்தது. பாட்டு ஆர்தர் க்ருடப் என்ற கறுப்பினப் பாடகருடையது. அடுத்த வருஷம் எல்விஸின் ஒப்பந்தத்தை ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனிக்கு 35,000 டாலருக்கு சாம் பிலிப்ஸ் விற்றுவிட்டார். ராக் என்ற கோடிக்கணக்கான தொழில் பிறந்தது அப்படித்தான்.

க்ருடப்புக்கு என்ன கிடைத்தது? சேர வேண்டிய ராயல்டி கடைசி வரை ஒழுங்காகச் சேரவில்லை. எல்விஸுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே அவருடைய பெரிய வெற்றிப் பாட்டு ஒன்றைப் பாடியவர் பிக் மாமா தார்ன்டன் என்ற பெண்மணி. தனக்கு வந்தது ஒரே ஒரு 500 டாலர் செக் என்று அவர் சொல்வதுண்டு. சக் பெர்ரியின் முதல் தட்டு 1955-இல் செஸ் கம்பெனியில் வந்தபோது, பாட்டை எழுதியவர்கள் என்று அவர் பெயரோடு வேறு இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதில் ஒருவர் ரேடியோவில் தட்டு போடுகிறவர்! அந்தப் பெயர்கள் நீங்கிப் பாட்டு முழுசாக பெர்ரிக்கு வந்தது 1986-இல். சின்னக் கம்பெனிக்காரர்களைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டிவிடுவார்கள். கேட்காதவனை விடக் கேட்டவன் மேல் என்பது நிஜம்தான், ஆனால் கேட்டவன் கையில்தான் கணக்குப் புத்தகமும் இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

என் அப்புச்சி வீட்டில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. சாவி கொடுத்து, தட்டு வைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஊசி மாற்ற வேண்டும். தட்டுகளில் பாதி நாய் படம் போட்டது. சிலவற்றின் மையத்தாளில் நாய் இல்லை, கோபுரம் வைத்த ஒரு கட்டடப் படம் இருக்கும். அதைத்தான் அப்புச்சி "கோயில் தட்டு" என்பார். அது கோயில் அல்ல, ஓடியன் முத்திரை என்று நான் தெரிந்துகொண்டபோது அப்புச்சி இல்லை.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனி 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததிலிருந்து கதை ஆரம்பிக்கிறது. நாய்ப் படக் கம்பெனிக்குத் தொழிற்சாலையும் கல்கத்தாப் பக்கம், முதலாளியோ லண்டனில். சென்னை மாகாணத்தில் மதுரைக்காரன் எதைக் கேட்பான், ஈரோட்டுக்காரன் எதற்குக் காசு கொடுப்பான் என்பதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியும்? ஆரம்பத்தில் பதிவானது பெரும்பாலும் கச்சேரி வித்வான்களும் விதுஷிகளும். ஆனால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் விழித்திருந்து கேட்டது நாடகப் பாட்டை. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லுவார்கள். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி. கதை எல்லோருக்கும் தெரியும். கூட்டம் வந்தது பாட்டுக்காக.

அந்த நாடக மேடையின் ராணி நம் பக்கத்து ஊர்க்காரர். 1908-இல் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். வறுமையில் ரயிலில் பாடிக்கொண்டு போன சிறுமியின் குரலைக் கேட்டு நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள் என்று இன்றைக்கும் ஈரோட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் அவரும் சேர்ந்து நடித்தால் அது திருவிழா. 1920-களின் கடைசியில் மின்சார முறையில் பதிவு செய்யும் வித்தை வந்தபின், தட்டில் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. நாடகக் கொட்டகைக்குப் போக முடியாத கிராமத்திலும் காபிக் கடையில் கிட்டப்பா பாடினார், சுந்தராம்பாள் பாடினார். 1933-இல் கிட்டப்பா இளம் வயதிலேயே போய்ச் சேர்ந்தார். குரல் மட்டும் கடை கடையாகப் பாடிக்கொண்டே இருந்தது. ஆள் இல்லாமல் குரல் மட்டும் இருப்பது என்பதைத் தமிழ் ஜனங்கள் முதலில் அனுபவித்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது காரைக்குடி. அங்கே ஆவிச்சி செட்டியார் ஒரு கடை வைத்திருந்தார். ஏவி அண்டு சன்ஸ். பல சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்கும். 1907-இல் பிறந்த மகன் மெய்யப்பன் சின்ன வயதிலேயே கடையில் உட்கார்ந்தவர். எந்தத் தட்டை வாடிக்கையாளர் இரண்டாவது தடவை போடச் சொல்கிறார், எதைப் பாதியில் "போதுமுங்க" என்கிறார் என்பதைத் தினம் பார்த்தவர். சிகாகோவில் செஸ் சகோதரர்கள் கல்லாவில் படித்த அதே பாடம்! அதை இவர் பதினைந்து வருஷம் முன்னால் படித்தார். யாரோ போட்ட தட்டை விற்பானேன், நாமே போடலாமே என்று சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு 1932-இல் சரஸ்வதி ஸ்டோர்ஸை ஆரம்பித்தார். அவர்கள் பிடித்த முத்திரை எது? ஓடியன். மேமி ஸ்மித்தின் தட்டைப் போட்ட ஹைன்மன் எந்த ஜெர்மன் குடும்பத்திலிருந்து வந்தாரோ, அதே குடும்பம். எட்டாயிரம் மைலுக்கு அப்பால், பெரிய கம்பெனி கேட்காத பாட்டு இரண்டு இடத்திலும் ஒரே கொடியிலிருந்து பிரிந்த கிளைகள் வழியாக வந்தது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1931-இல் லண்டனில் பெரிய கம்பெனிகள் ஒன்றாகி இ.எம்.ஐ. ஆனபோது ஓடியனும் அந்தக் குடைக்குக் கீழே வந்துவிட்டது. ஆகவே சரஸ்வதி ஸ்டோர்ஸ் முழுக்க முழுக்கச் சுதந்திரமான கம்பெனி அல்ல. முத்திரை வெளியூர்க்காரனுடையது. ஆனால் யாரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டு, எந்த ஊருக்கு எத்தனை தட்டு என்ற முடிவு நம் ஊர்க் கடைக்காரருடையது. என்னைக் கேட்டால் அதுதான் விஷயம்.

தட்டு பாட்டையும் மாற்றியது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம்தான். மேடையில் கிட்டப்பா ஒரு விருத்தத்தை எடுத்தால் இஷ்டத்துக்கு நீட்டுவார், கூட்டம் "ஒன்ஸ்மோர்" கேட்கும். தட்டில் அதெல்லாம் நடக்காது. சுற்றி வளைக்காமல் நேரே பாட்டுக்கு வா, காதில் ஒட்டுகிற இடத்தை இரண்டு தடவை சொல், முடி! ப்ளூஸ்காரர்களுக்கும் இதே கத்தரிதான். இன்றைக்குச் சினிமாப் பாட்டு நான்கு நிமிஷம் ஐந்து நிமிஷம் இருப்பதற்கு, அரக்குத் தட்டின் அகலமும் ஒரு காரணம் என்றால் நம்ப முடிகிறதா?

1931-இல் 'காளிதாஸ்' வந்தது. படம் பேசியது என்பதை விட, பாடியது என்பதே சரி. முதல் பேசும் படங்களுக்கு ஆட்களும் கதைகளும் நாடக மேடையிலிருந்து வந்தார்கள். ஆனால் யார் பெயர் போட்டால் கொட்டகை நிறையும் என்பதற்கு ஜாதகம் போலக் கையில் இருந்தது தட்டு விற்பனைக் கணக்கு. மெய்யப்பச் செட்டியாரும் இறங்கினார். 1935-இல் 'அல்லி அர்ஜுனா', அதன் பிறகு 'ரத்னாவளி'. இரண்டும் கையைச் சுட்டன. காது பழகிய மனிதருக்குக் கண் பழக நாள் ஆயிற்று.

1938-இல் 'நந்தகுமார்' படத்தில் அவர் ஒன்று செய்தார். அதில் நடித்த ஒருவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்துச் சேர்த்தார். தமிழில் பின்னணி பாடுதல் தொடங்கியது அங்கே. 1945-இல் 'ஸ்ரீ வள்ளி'யில் கதாநாயகி ருக்மிணி பாடியது திருப்தியாக இல்லை என்று, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து மாற்றினார். நாடகக்காரர் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியிருக்குமா? எனக்குச் சந்தேகம். மேடையில் முகமும் குரலும் ஒரே ஆள். தட்டுக் கடைக்காரருக்கோ குரல் என்பது தனிச் சரக்கு. முகம் இல்லாத குரலைத்தானே அத்தனை வருஷமும் அட்டை உறையில் போட்டு விற்றார்! பின்னாளில் டி.எம்.எஸ்., சுசீலா, ஜானகி என்று நாம் கொண்டாடிய அந்த உலகமே தட்டுக் கடையின் கல்லாவிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கோயமுத்தூரும் சும்மா இருக்கவில்லை. ரயில்வே உத்தியோகத்தை விட்டுப் படப் பெட்டியோடு ஊர் சுற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹால் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா. அதெல்லாம் தனிக் கட்டுரைக்குரிய சங்கதி.

ஏமாந்தவர்களையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஏமாறாத ஒருவர் நம் சுந்தராம்பாள். கிட்டப்பா மறைந்தபின் வெள்ளைச் சேலையோடு ஒதுங்கி இருந்தவரை 'பக்த நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குப் பதிலாக, கேட்டு ஓடிப் போகட்டும் என்று ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். படக்காரர்கள் ஓடவில்லை, கொடுத்தார்கள்! அதுவும் ஆண் வேஷத்துக்கு, 1935-இல். அந்தக் காலத்து லட்சம் என்றால் எவ்வளவு நிலம் வாங்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். படம் ஓடவில்லை என்பது வேறு விஷயம். பிக் மாமா தார்ன்டனின் 500 டாலரையும் கொடுமுடி கோகிலத்தின் ஒரு லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தார்ன்டனின் குரலைக் கம்பெனி சரக்காக்கிவிட்டது. சுந்தராம்பாளின் குரலும் முகமும் பெயரும் பிரிக்க முடியாமல் அவரிடமே இருந்தன. விலை சொன்னதும் அவரே.

ஆனால் பாடினவருக்கு விலை சொல்ல வாய் இருக்கிறது. செத்துப்போன கவிஞனுக்கு?

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவருடைய பாட்டுகளைத் தட்டில் பதியும் உரிமை ஒரு கிராமபோன் வியாபாரியின் கைக்குப் போய், 1946-இல் மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. மறு வருஷம் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினார். சுதந்திரம் வந்த வருஷம்; தமிழ்நாடே பாடியது. அதற்கு அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்தார்கள். உரிமை எங்களிடம் இருக்கிறது, நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று மெய்யப்பச் செட்டியார் தரப்பு சட்டப்படி எதிர்த்தது.

எதிர்த்ததில் சட்டப்படி தப்பு என்ன? காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், பத்திரம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடு ஒப்பவில்லை. நாட்டுக்காகப் பாடினவன் பாட்டு ஒரு கம்பெனிச் சொத்தா என்று கேள்வி எழுந்தது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று அமைத்துக் குரல் கொடுத்தார்கள். டி.கே. சண்முகம் ஊர் ஊராகப் பேசினார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்த சென்னை மாகாண அரசாங்கம் 1949-இல் உரிமையை எடுத்துக்கொண்டது. அந்த மந்திரிசபையில் கல்வி மந்திரி யார் தெரியுமா? பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைக் கட்டிய நம் தி.சு. அவிநாசிலிங்கம். மெய்யப்பச் செட்டியார் தம்மிடம் இருந்த உரிமைக்குக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். 1955-இல் பாரதி எழுத்து முழுவதும் பொதுச் சொத்தாயிற்று.

அவர் கொடுத்தது பெருந்தன்மையா, ஊர் வாய்க்குப் பயந்தா என்று இன்றைக்கும் பேசுவார்கள். என் அபிப்பிராயம், இரண்டும்தான். இரண்டும் சேராமல் பெரிய காரியம் எங்கே நடக்கிறது? செஸ்ஸிலும் சன்னிலும் இப்படி ஒரு காட்சி இல்லை. அங்கே பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோர்ட் படி ஏறினார்கள். மட்டி வாட்டர்ஸும் வில்லி டிக்சனும் செஸ் குடும்பத்தின் பதிப்புக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது எழுபதுகளில், இருவருக்கும் அறுபது வயதை ஒட்டி.

எங்கள் தலைமுறைக்கு வந்தது கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டு வந்தது, நம் ஊரில் எண்பதுகளில் வெள்ளமாகப் பாய்ந்தது. நாய்ப் படக் கம்பெனியின் ஏகபோகம் சில வருஷத்தில் சரிந்தது. டெல்லியில் பழரசக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் குல்ஷன் குமார் டி-சீரிஸ் கட்டினார். சென்னையில் எக்கோ வந்தது. இளையராஜாவின் பாட்டு வீடு வீடாகப் போனது அதில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரிக்கார்டிங் சென்டர் இல்லாத ஊர் உண்டா? பன்னிரண்டு பாட்டுக்கு லிஸ்ட் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு, "அண்ணா, சனிக்கிழமைக்குள்ள வேணுமுங்க" என்று கெஞ்சியவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். அது திருட்டுப் பதிவு என்று அப்போது நம் யாருக்காவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை. ஒரு தடவை நான் எழுதிக் கொடுத்த லிஸ்டில் மூன்று பாட்டை விட்டுவிட்டு, அந்த இடத்தில் கடைக்காரர் தனக்குப் பிடித்ததைப் போட்டுக் கொடுத்தார். அந்த மூன்றுதான் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்!

கேசட் போய் சி.டி. போய் எல்லாம் போனின் உள்ளே வந்தபின்னும் அந்தப் பழைய கேள்வி தீரவில்லை. இளையராஜாவுக்கும் எக்கோ முதலான கம்பெனிகளுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்கு நடந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டிப் பங்கை அவர்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது என்று வைத்தார்கள். சட்டம் வந்த வேகத்தைப் பாருங்கள், கௌஹர் ஜானிலிருந்து 110 வருஷம்.

காங்கயத்தானின் டேப்புக்கு வருகிறேன். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் மிஸிஸிப்பிப் பண்ணைக்குப் பதிவு மெஷினோடு போய் மட்டி வாட்டர்ஸைப் பாட வைத்தார். தன் குரலைத் தட்டில் கேட்டபின்தான் தன்னாலும் முடியும் என்ற தைரியம் வந்தது என்று மட்டி பின்னாளில் சொல்வார். இரண்டு வருஷத்தில் சிகாகோவுக்கு ரயில் ஏறிவிட்டார். 1965-இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்துக்கு பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். டேப் மெஷின் வைத்து, பல இரவுகள் உடுக்கைப் பாட்டாக அண்ணன்மார் கதையைப் பதிவு செய்தார். 1982-இல் அதைப் பற்றிய அவருடைய புத்தகம் அமெரிக்காவில் வெளியானது. அருமையான வேலை, நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் அந்தப் பாட்டு ஏறிப் போக ஒரு சிகாகோ ரயில் இங்கே இல்லை. சென்னைத் தட்டுக் கடைக்காரர்கள் நாடகப் பாட்டைக் கேட்டார்கள், கச்சேரிப் பாட்டைக் கேட்டார்கள். கொங்கு நாட்டு உடுக்கையைக் கல்லாவில் உட்கார்ந்து கேட்க ஒரு செஸ் இல்லை. 2011-இல் 'பொன்னர் சங்கர்' சினிமாவாக வந்தபோது அது பெரிய வாத்தியக் குழுவோடு வந்தது. அந்தக் குறையை என் நண்பன் போன்ற ஆட்கள்தான், இருமலும் குழந்தை அழுகையுமாகத் தாங்களே டேப் பண்ணிக்கொண்டு, தங்களால் ஆன மட்டும் தீர்த்தார்கள். சந்தைக்குப் போகாததால் அந்தப் பாட்டு இன்னும் பாடுகிறவர்களிடமே இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பாடுகிறவர்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அரக்குத் தட்டு கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். துடைத்து, மையத்தாளைப் பாருங்கள்: நாயா, கோபுரமா, வேறு ஏதாவது பெயரா, பாடியவர் பெயர் என்ன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இருக்கிறது. பழைய புத்தகங்களோடு பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகளையும் காப்பாற்றி வைக்கிறார்கள். அதற்கு அடிப்படையான சேகரிப்பும் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து வந்ததுதான்.

சங்கச் சந்திப்புக்கு வரும்போது அந்த அண்ணன்மார் கேசட்டைக் கொண்டு வருவதாகக் காங்கயத்தான் சொல்லியிருக்கிறான். நாடா ஒட்டிப் போயிருக்குமா என்று தெரியவில்லை. யாரிடமாவது ஓடுகிற டேப் ரிக்கார்டர் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெங்களூர்க்காரனும் வருகிறான்.